ஓரணா டிபன்

1920-ல் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் டிபன். கவனிங்க, சாப்பாடு இல்லை, டிபன். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை பள்ளியில் தங்காது என்பதுதான் கணக்கு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்க அரசு அனுமதி மறுத்ததால் 1925-ல் அது நின்றுபோனது.

அதன் பிறகு பிள்ளைகளின் நாளை அரசு ஒவ்வொரு வேளையாகக் கையில் எடுத்தது. காமராஜர் காலத்தில், 1956-ல், மதிய உணவு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பரில் காலை உணவு. அதை ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்த விழா 2024 ஜூலை 15-ல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் நடந்தது.

காலை வந்தாச்சு, மதியம் வந்தாச்சு. பள்ளி மணி அடித்ததிலிருந்து ராத்திரிச் சோறு வரைக்கும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அந்த நேரம் பெட்டிக்கடையுடையது. மூன்று ஷிப்ட் ஓடும் கம்பெனிகளில் இரண்டாவது ஷிப்ட் பெரும்பாலும் மதியம் இரண்டுக்குத் தொடங்கி ராத்திரி பத்துக்கு முடியும். அம்மாவும் அப்பாவும் வேலையில் இருக்கும் வீட்டில் சுண்டல் வேகவைக்க யார் இருக்கா? கையில் இருக்கிற அஞ்சு ரூபாய்க்குச் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்று கிடைக்கும். ஏழு மணிக்குச் சோறு இறங்காது. "நொறுக்குத் தீனி கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாங்க" என்று அம்மாக்களைத் திட்டுவது சுலபம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைகள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் இருந்ததால் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. இரண்டுமே எதைத் தின்னக் கூடாது என்று சொல்கின்றன. நாலு மணிப் பசிக்கு எதைத் தின்பது என்று சொல்லவில்லை.

1920-ன் தீர்மானம் அதைச் சொன்னது. பிள்ளையைக் கண்டிக்கவில்லை, கடையை விரட்டவில்லை. செலவுக்கு ஓரணா ஒதுக்கியது. வீடு திரும்பும் முன் பள்ளியிலேயே ஒரு கைப்பிடிச் சுண்டலோ கடலைமிட்டாயோ கொடுத்து அனுப்பினால், நூறு வருஷத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாக இருக்கும்.