ஒரே அச்சில் இரு வேகங்கள்

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைகளிலிருந்து இருப்புப் பாதைகள் வந்து கூடுகின்றன. அங்கே நீண்ட சரக்கு வண்டி வளைவில் ஊர்ந்து வரும்போது சக்கரங்கள் கிறீச்சிடுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். ஆனால் திண்டிவனத்தில் புதுச்சேரிச் சாலைக்குத் திரும்பும் கார் சத்தமின்றித் திரும்புகிறது. ஏன் இந்த வேற்றுமை?

வளைவில் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.25 மீட்டர் என்று கொள்வோம். வண்டி செங்கோணத்தில் திரும்பினால், வித்தியாசம் ஏறத்தாழ 2 மீட்டர். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த அளவு மாறாது. ஒரே மையத்தில் இரண்டு கால்வட்டங்கள் வரைந்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மாட்டு வண்டிக்கு இதனால் தொல்லையில்லை. அதன் சக்கரங்கள் நிலையான அச்சின்மேல் தனித்தனியே சுழல்கின்றன. சக்கரங்களையே இயந்திரம் சுழற்ற வேண்டி வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது.

கடிகாரக்காரர் கண்ட வழி

பிரான்சு நாட்டில் கடிகாரம் செய்பவராயிருந்த ஒனெசிஃபோர் பெக்கூர், 1820-களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அச்சை இரண்டாக வெட்டி, நடுவில் பற்சக்கரக் கூட்டம் ஒன்றை வைத்தார். இதுவே டிஃபரன்ஷியல். 1877-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி மிதிவண்டிகளுக்கு இதைப் பயன்படுத்தினார். இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியில் மகன் அதிக பலத்துடன் மிதித்ததால் வண்டி ஒருபுறம் ஒதுங்கியதாம். அதுவே அவரைச் சிந்திக்க வைத்தது என்பார்கள். 1886-இல் கார்ல் பென்சு காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் இருந்தது.

நேர்ச்சாலையில் இப்பற்சக்கரங்கள் அனைத்தும் ஒரே கட்டாகச் சுழலும். வளைவில் நடுவிலுள்ள சிறு பற்சக்கரங்கள் உருண்டு, உட்சக்கரம் இழந்த வேகத்தை வெளிச் சக்கரத்துக்கு அளிக்கும்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான திருப்பு விசையே கிடைக்கும். ஒன்று சேற்றில் சிக்கினால் அது வீணாகச் சுழலும். கெட்டித் தரையிலுள்ள மற்றதோ அசையாது.

பந்தயக்காரரின் தொல்லை

பந்தயக் கார் வேகமாக வளையும்போது பாரம் வெளிப்புறம் சாய்கிறது. உட்சக்கரம் பிடிப்பிழந்து சுழல, இயந்திரத்தின் ஆற்றல் வீணாகிறது. ஆட்டோ யூனியன் கார்களை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே இதற்கு மாற்றுத் தேடி, 1935-இல் இசட்.எஃப். நிறுவனத்தை அணுகினார். சுழலும் வேற்றுமையை ஓரளவுக்குமேல் அனுமதிக்காத டிஃபரன்ஷியல் உருவாயிற்று.

நம் நாட்டில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமே பந்தயக் களமாயிற்று. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு போன்ற அன்றாடக் கார்களையே ஆர்வலர்கள் திருத்தியமைத்து ஓட்டினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தளம் திறக்கப்பட்டது.

கைப்பணம் குறைந்த ஆர்வலர் என்ன செய்வார்? போர்ஷே தேடிய கருவி விலை மிகுந்தது. ஆகவே உலகெங்கும் பலர் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டனர். டிஃபரன்ஷியலைத் திறந்து, உள்ளே உள்ள பற்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து விடுவது! இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும். உட்சக்கரம் பிடிப்பிழந்தாலும் வெளிச் சக்கரம் வண்டியைத் தள்ளும்.

கணக்குத் தப்புமா?

ஆனால் அந்த 2 மீட்டர் என்னவாயிற்று? பற்றவைத்த அச்சு ரயில் அச்சைப் போன்றதே. ரயில் சக்கரத்தின் விளிம்பு 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாக அமைந்திருப்பதால், வளைவில் அது சற்றே ஒதுங்கி ஓரளவு சமாளிக்கிறது. கூர்மையான வளைவில் அதுவும் போதாமல் தேய்கிறது. அதுவே விழுப்புரத்தில் நீங்கள் கேட்ட கிறீச்சொலி. காரின் டயருக்கோ அந்தக் கூம்பும் இல்லை. ஆகவே அது தரையில் உராய்ந்தே வித்தியாசத்தைத் தீர்க்க வேண்டும். டயர் தேயும், அரை அச்சுகளில் முறுக்கம் ஏறும், திருப்பினாலும் வண்டி நேரே போகவே முயலும்.

சறுக்கல் எளிதான மண் தளத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்த திண்டிவனம் நெடுஞ்சாலையில், எதிரே பேருந்து வரும்போது பொறுக்க முடியாது. பந்தயத்துக்கெனப் பற்றவைத்த காரைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது என்பது இதனாலேயே.

பெக்கூர் அந்த 2 மீட்டரைப் பற்சக்கரங்களிடம் ஒப்படைத்தார். ரயில்வேயினர் கூம்பிடம் ஒப்படைத்தனர். பற்றவைப்பவர் டயரிடம் ஒப்படைக்கிறார். யாரும் அதை இல்லாமற் செய்துவிடவில்லை.