காலம் இடிக்கவில்லை: கூஸிக் கோட்டை குறித்து

கோட்டை இடிந்து கிடந்தால் 'எல்லாம் காலத்தின் கோலம்' என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுகிறோம். காலத்துக்குக் கையும் கிடையாது, வெடிமருந்தும் கிடையாது. வடக்கு பிரான்சில், லானுக்கும் சுவாஸோனுக்கும் இடைப்பட்ட ஒரு மேட்டில் இருக்கும் கூஸிக் கோட்டையின் கதையில் ஒவ்வொரு பெரிய இடிப்புக்குப் பின்னாலும் ஓர் உத்தரவு இருக்கிறது. இந்த இடிபாட்டை வாசிப்பது என்பது அந்த உத்தரவுகளை வாசிப்பதுதான்.

1220களில் இதைக் கட்டத் தொடங்கியவர் மூன்றாம் ஆங்கெரான். நடுக்கோபுரம் மட்டும் 54 மீட்டர் உயரம், 31 மீட்டர் விட்டம். பாரிசில் அரசன் கட்டிய லூவ்ர் கோபுரம் இதன் பக்கத்தில் சின்னப்பிள்ளை. எதிரியை மறிக்க இவ்வளவு தேவையா என்றால், இல்லை. இது அரசனை நோக்கிக் கல்லில் பேசிய பேச்சு. ராஜா பட்டம் எதற்கு, கூஸியின் பிரபு என்பதே போதும் என்பது அந்தக் குலத்தின் முழக்கம். முடியரசும் சும்மா இருக்கவில்லை. தன் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்ட நான்காம் ஆங்கெரானை ஒன்பதாம் லூயி இழுத்துவந்து விசாரித்து, கடும் அபராதம் போட்டார்.

கடைசி ஆண் வாரிசான ஏழாம் ஆங்கெரான் 1396இல் நிக்கோபொலிஸ் போரில் துருக்கியரிடம் பிடிபட்டு, மறு வருஷம் புர்ஸாவில் கைதியாகவே செத்தார். 1400இல் அரசனின் தம்பி, ஒர்லியான் பிரபு லூயி, கூஸியை விலைக்கு வாங்கினார். பியர்ஃபோன் கோட்டையைக் கட்டியவரும் இவரே.

1652இல், பிரபுக்களின் கலகத்தின்போது, கூஸியைப் பயனற்றதாக்கச் சொன்னவர் மந்திரி மஸாரேன். வெடிமருந்து வைத்தார்கள். 1692 நிலநடுக்கத்தில் நடுக்கோபுரம் விரிசல் கண்டது, ஆனாலும் நின்றது. அப்புறம் ஊர்க்காரர்கள் கல் எடுத்துப்போய் வீடு கட்டினார்கள். (இந்த வரலாற்றில் உருப்படியான இடிப்பு அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியொலே லெ துக் வருகிறார். கூஸிக் கோபுரத்துக்கு இரும்புப் பட்டை கட்டியதோடு சரி. பியர்ஃபோனில் நடந்தது வேறு. 1857 முதல் மூன்றாம் நெப்போலியனின் காசில், ஒருபோதும் இருந்திராத ஒரு மத்தியகாலமே அங்கே கட்டி எழுப்பப்பட்டது. கூடத்துக் கணப்பின் மேலிருக்கும் வீராங்கனைச் சிலை ஒன்றுக்குப் பேரரசி யூஜினியின் முகம்! நமக்குள் 'பிரெஞ்சுக் கோட்டை' என்று பதிந்திருக்கும் பிம்பத்தில் இந்தப் புனைவுக்கும் பங்குண்டு.

1917 மார்ச்சில் ஜெர்மன் படை பின்வாங்கியபோது, கோட்டையை விட்டுவிடலாம் என்று பவேரிய இளவரசர் ருப்ரெக்ட் கேட்டுப்பார்த்தார். லூடன்டார்ஃப் மறுத்துவிட்டார். நடுக்கோபுரத்துக்கு மட்டும் சுமார் 28 டன் வெடிமருந்து. ராணுவ ரீதியில் ஒரு லாபமுமில்லை. தன் சொல்லே கடைசிச் சொல் என்று காட்டுவதற்குத்தான் போலிருக்கிறது. மூன்றாம் ஆங்கெரான் கட்டியதும் அதற்காகத்தானே?

போருக்குப்பின் அந்தக் கோபுரத்தை பிரான்ஸ் திரும்பக் கட்டவில்லை. பகைவனின் காட்டுமிராண்டித்தனத்துக்குச் சாட்சியாக இடிபாட்டை அப்படியே விட்டது. 1652இல் தன் அரசே வைத்த வெடி 'வரலாறு' ஆகிவிட்டது. 1917இல் அடுத்தவன் வைத்தது 'குற்றம்' ஆயிற்று. இரண்டு வெடிக்கும் இடையே சேதத்தின் அளவில் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. உத்தரவின் மொழியில் உண்டா? இன்றைக்கு அங்கே போகிறவர்கள் மதிற்சுவரையும் மூலைக் கோபுரங்களில் மிஞ்சியதையும் பார்க்கலாம். நடுக்கோபுரம் இருந்த இடத்தில் கற்குவியல்தான் கிடக்கிறது.