'டைலமா': ஒரு சொல்லின் பொருளும் மட்டாஞ்சேரி ஆணையும்

'டைலமா' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் தர்மசங்கடம், இருதலைக் கொள்ளி, இக்கட்டு, குழப்பம், திண்டாட்டம் எனப் பல நிகரன்கள் வழங்கக் காண்கிறோம். இவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்க வல்லன அல்ல. எவ்விடத்து எது பொருந்தும் என்பதை அகராதி கொண்டு மட்டும் துணிதல் அரிது. மூலம் சுட்டும் நிகழ்ச்சியின் அமைப்பையே நோக்க வேண்டியுள்ளது.

இச்சொல் கிரேக்கத்தில் 'இரண்டு' எனப் பொருள்படும் முன்னொட்டும், 'எடுத்துக்கொள்ளப்பட்ட கூற்று' எனப் பொருள்படும் 'லெம்மா' என்பதும் சேர்ந்து அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தபோது இது அளவை நூலாரின் கலைச்சொல்லாகவே இருந்தது. எதிர்வாதி இரண்டனுள் எதை ஒப்பினும் தோல்வியுறுமாறு அமைக்கப்படும் வாதமே அது. அவ்விரண்டையும் 'கொம்புகள்' என்பது மரபு. அவற்றினின்று மீளும் வழிகளும் சொல்லப்பட்டுள்ளன. மூன்றாவது வழியொன்று உண்டெனக் காட்டுதல் கொம்புகளின் இடையே நழுவுதல்; ஒன்றை ஏற்று அதனால் கேடு விளையாது என நிறுவுதல் கொம்பைப் பற்றுதல். பிற்காலத்தில் இச்சொல் எவ்வகைச் சிக்கலுக்கும் பெயராய் நெகிழ்ந்தது. இந்நெகிழ்ச்சியை ஆங்கில நடைநூலார் கடிந்தும் வழக்கு நின்றபாடில்லை.

தமிழில் 'இருதலைக் கொள்ளி' மிகப் பழைய உவமை. பொருள் தேடப் பிரிதலுக்கும் காதலியைப் பிரியமாட்டாமைக்கும் இடையே வருந்தும் தலைவனின் நிலைக்கு அகநானூறு இதனை ஆள்கிறது. திருவாசகத்திலும் இது இடம்பெறுகிறது. இருபுறமும் எரியும் கட்டையின் நடுவே அகப்பட்ட எறும்புக்கு எப்பக்கம் செல்லினும் தீயே. கிரேக்கச் சொல்லின் எண்ணும் கட்டாயமும் இவ்வுவமையில் குறைவின்றி உள்ளன. ஆனால் எறும்புக்கு அறக்கடன் ஏதுமில்லை.

அக்கடனைச் சுட்டுவதற்கென்றே அமைந்த சொல் 'தர்மசங்கடம்'. இரு அறங்கள் மோத, ஒன்றைக் காக்க மற்றதைக் கைவிட நேர்வதே அதன் முதற்பொருள். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்கள் தசரதன் மகப்பேறு வேண்டி இயற்றிய வேள்வியில் தொடங்குகின்றன. அம்மகனையே காட்டுக்கு அனுப்புதல், அல்லது கொடுத்த வரத்தைப் பொய்யாக்குதல் எனப் பின்னர் அம்மன்னனுக்கு வாய்த்த நிலை இச்சொல்லுக்குத் தக்க சான்று. மலையாளத்தில் இப்பொருள் இன்றும் வலுவாக நிலவுகிறது. தமிழிலோ, விருந்தினர் ஒருவர் சம்பளம் எவ்வளவு என வினவினாலும் 'தர்மசங்கடமாக இருந்தது' என்கிறோம். சொல் சங்கோசத்தின் பெயராகத் தேய்ந்துவிட்டது. மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர் வடிவொற்றுமையை நம்பி இச்சொல்லை அப்படியே பெயர்த்து வைப்பதில் இடறுக்கு இடமுண்டு.

இவ்வேறுபாடுகளின் பயனை மட்டாஞ்சேரியின் மற்றொரு வரலாற்று நிகழ்ச்சியில் காணலாம். சிரியாக் வழிபாட்டு முறையினரான மலபார்த் தோமா கிறித்தவர்கள் நெடுங்காலம் மெசபொத்தேமியாவிலிருந்து ஆயர்களைப் பெற்றுவந்தனர். 1599ஆம் ஆண்டு கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கத்தில் அவர்கள் உரோமைக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்தனர். அதன்பின் போர்த்துக்கீசியர் ஆதரவு பெற்ற ஆயர்களே அவர்களை ஆண்டனர். 1652இல் கீழைநாட்டு ஆயர் அகத்தல்லா இந்தியா வந்து மயிலாப்பூரில் தடுத்து வைக்கப்பட்டார். அங்கிருந்து அவரை ஏற்றிய கப்பல் கொச்சியை அடைந்தபோது, திரண்டு நின்ற மக்கள் அவரைக் காண ஒப்புதல் கிடைக்கவில்லை. அவர் கடலில் அமிழ்த்தப்பட்டார் என்னும் வதந்தி பரவியது. 1653 சனவரி 3ஆம் நாள் மக்கள் மட்டாஞ்சேரியில் கூடி, பேராயர் கார்சியாவுக்கு இனிப் பணிவதில்லை என ஆணையிட்டனர். சிலுவையைத் தொட இடம் போதாமையால் அதில் கயிறுகளைக் கட்டிப் பற்றிக்கொண்டனர் என்றும், இழுப்பில் சிலுவை வளைந்தது என்றும் மரபுச் செய்தி கூறும். கூனன் குரிசு ஆணை என்னும் பெயர் அதனால் வந்ததென்பர். (தமிழ்ச் 'சிலுவை' சிரியாக் வழி வந்தது, 'குரிசு' போர்த்துக்கீசிய வழி வந்ததெனக் கொள்ளப்படுவது. போர்த்துக்கீசிய ஆதிக்கத்தை மறுத்த ஆணை போர்த்துக்கீசியச் சொல்லாலேயே வழங்கப்படுவது மொழி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.)

அவர்கள்முன் நின்ற கொம்புகள் தெளிவானவை. கார்சியாவை ஏற்றால் மரபு அழியும். மறுத்தால் ஆயர் இல்லை, ஆயர் இன்றேல் புதிய குருக்களுக்குத் திருநிலைப்பாடும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமேல் கைவைத்து அவரை ஆயராக்கினர். ஆயரின்றி ஆயரை ஆக்கிய இச்செயலை அளவை நூலார் மொழியில் கொம்புகளின் இடையே நழுவும் முயற்சி எனலாம். அது செல்லுமா என்னும் ஐயம் அவர்களிடையேயே எழுந்தது. 1663இல் கர்மேல் சபையைச் சேர்ந்த செபஸ்தியானி பறம்பில் சாண்டியை ஆயராகத் திருநிலைப்படுத்தியபோது ஒரு சாரார் உரோமையுடன் நின்றனர். 1665இல் அந்தியோக்கிய மரபினரான மார் கிரிகோரியோசு வந்தபோது மற்றவர் அப்பக்கம் சார்ந்தனர்.

ஆணையின் சொற்கள் யாவை என்பதிலேயே இருசாரார் மரபுகளும் மாறுபடுகின்றன. கார்சியாவையும் இயேசு சபையினரையும் மட்டுமே மறுத்தனர் என்பது ஒரு மரபு. உரோமையின் ஆட்சியையே மறுத்தனர் என்பது மற்றது. எனவே இங்குச் சொல்தேர்வு நடையழகைப் பொறுத்தது மட்டுமன்று. 'தர்மசங்கடம்' என எழுதின், 1599இன் வாக்கு அவர்தம் மனத்தைக் கட்டியிருந்தது என்னும் கொள்கை உடன்புகும். 'இருதலைக் கொள்ளி' என்பதில், அவ்வாக்கு வெறும் வற்புறுத்தலாய்ச் சுருங்கிவிடக்கூடும். ஆயர் இன்மையைப் பேசும் இடத்தில் பின்னது பொருந்தும். வாக்கைப் பேசும் இடத்தில் முன்னதே வேண்டும். அதன் தேய்வு கருதி 'அறக்கடன்களின் மோதல்' என விரித்தெழுதலும் தகும். ஆணைக்குப்பின் கார்சியாவுக்கு நேர்ந்ததையும் ஆங்கில நூலொன்று 'டைலமா' எனக் குறிக்குமாயின், அதற்கு 'இக்கட்டு' என்பதே போதும். பேச்சுக்கு இறங்கிவரும் வழி அவருக்கு அடைபட்டிருக்கவில்லை.