மேரி பிரித்

மேரி பிரித் (ஏறத்தாழ 1584 – 1659): 'மொல் கட்பர்ஸ்' என்று பேர்பெற்ற லண்டன் திருடி. பிறந்தது 1589இல் என்பாரும் உளர். தந்தை செருப்புத் தைப்பவர் என்பர். அக்காலத்தில் பணப்பையை இடுப்பில் தொங்கவிடுவார்கள். அதன் வாரை அறுத்தெடுப்பவரே 'கட்பர்ஸ்'. மடியில் முடிந்த காசை அவிழ்ப்பவரைத் தமிழில் முடிச்சுமாறி என்பது போன்றது.

1600 ஆகஸ்டில், 2 சிலிங் 11 பென்ஸ் திருடியதாக வேறு இரு பெண்களோடு இவர்மீது வழக்கு வந்தது. 12 பென்ஸுக்கு மேல் திருடினாலே தூக்கிலிடச் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. இவர் திருடியதாகச் சொல்லப்பட்டதோ 35 பென்ஸ். ஆயினும் உயிர் தப்பினார்.

1611, 1612ஆம் ஆண்டுகளுக்கே விரிவான பதிவு உண்டு. தோமஸ் மிடில்ரனும் தோமஸ் டெக்கரும் இவரை நாயகியாக வைத்து எழுதிய 'தி ரோரிங் கேர்ள்' நாடகம் 1611இல் அச்சேறியது. அது ஆடப்பட்ட போர்ச்சியூன் அரங்கின் மேடையில், ஆண் உடையும் சப்பாத்தும் அணிந்து, இடையில் வாளோடு அமர்ந்து, இவரே லூட் வாத்தியம் மீட்டிப் பாடினார். அதற்காகப் பிரைட்வெல் சிறையில் தண்டனை பெற்றார். அவ்வாண்டு நத்தார் இரவில், பாவாடையை ஆண்களைப்போல் தூக்கிச் செருகி, ஆண்களின் மேலங்கியோடு புனித பவுல் பேராலயத்தில் நின்றபோது மீண்டும் பிடிபட்டார். 1612 ஜனவரி 27 அன்று லண்டன் ஆயரின் விசாரணையில் குடியையும் கெட்ட சகவாசத்தையும் ஒப்புக்கொண்டார். கற்புநெறி தவறியதாகக் கூறியதை மட்டும் உறுதியாக மறுத்தார்.

பெப்ரவரி 9 அன்று பவுல் சிலுவை முற்றத்தில், ஊரறியப் பாவமன்னிப்புக் கேட்கும் தண்டனை நிறைவேறியது. இவர் தேம்பி அழுததாக ஜோன் சேம்பர்லேன் என்பவரின் கடிதம் கூறுகிறது. வைன் குடித்த மயக்கமே அந்த அழுகை என்ற ஐயத்தையும் அதுவே எழுப்புகிறது. அன்று பிரசங்கம் அலுப்பூட்டியதால் பலர் எழுந்து போக, எஞ்சியோர் மொல் பேசுவதைக் கேட்கவே காத்திருந்தார்களாம்.

1614இல் மணம் புரிந்தார். பின்னர் களவுபோன பொருள்களை உரியவருக்கு மீட்டுக் கொடுக்கும் தொழில் நடத்தினார். 1644இல் பெத்லெம் மனநோய் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டார். தளபதி பெயர்பாக்ஸிடம் வழிப்பறி செய்து, 2,000 பவுண் கொடுத்துத் தூக்கிலிருந்து மீண்டார் என்ற கதைக்கு உறுதியான சான்றில்லை. 1662இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் இவரது சொந்தக் கூற்று எவ்வளவு என்பதில் ஆய்வாளர் ஒருமித்தாரில்லை.

1983இல் றோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு 'தி ரோரிங் கேர்ள்' நாடகத்தை மீண்டும் மேடையேற்றியது. ஹெலன் மிரன் மொல்லாக நடித்தார்.

திருடியாகவே பேர்பெற்ற இவர், தெளிவாகப் பதிவாகியுள்ள தண்டனைகளைப் பெற்றது பெரிதும் உடைக்காகவும் ஒழுக்கத்துக்காகவுமே. 1659 ஓகஸ்ட் 10 அன்று பிளீற் வீதியின் புனித பிரைட் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.