பெண்களும் நரையும்

மயிர்க்கால்களில் நிறமி சுரப்பது குறைந்து, முடி படிப்படியாக வெளுப்பதை நரை என்கிறோம். ஆண், பெண் இருவருக்கும் உடலளவில் ஒன்றாகவே நிகழும் இம்மாற்றத்துக்கு, ஊர்ப்பார்வை இருவருக்கும் வெவ்வேறு விலை வைக்கிறது. முதுமையின் அடையாளங்களில் பெண்கள் அதிகம் மறைப்பதும், மறைக்கும்படி அதிகம் அறிவுறுத்தப்படுவதும் இதைத்தான்.

முடிக்கு நிறம் தருவது மெலனின். வயது ஏற ஏற, அதைச் சுரக்கும் செல்களைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றன. அடுத்து முளைக்கும் முடி நிறமின்றி வருகிறது. எந்த வயதில் தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. இந்தியர்களுக்கு 25 வயதுக்கு முன்பே வந்தால் தோல் மருத்துவர்கள் அதை இளநரை என்பார்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது வெறும் பேச்சு. பக்கத்து மயிர்க்காலுக்கு அதனால் எதுவும் ஆவதில்லை.

நரையை மறைக்கும் பழக்கம் பழையது. மருதாணியை மட்டும் அரைத்துப் பூசினால் வெள்ளை முடி செம்பட்டையாகும். கறுப்பு வேண்டுமென்றால் அதன்மேல் அவுரி இலை வேண்டும். செயற்கைச் சாயத்தை வணிகப் பொருளாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் யூஜீன் ஷூலர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1907-இல் அவர் உருவாக்கிய சாயத்திலிருந்தே பின்னாளில் லோரியால் நிறுவனம் வளர்ந்தது. அமெரிக்காவில் சாயம் பூசுவது மரியாதையான பெண்களுக்கு ஆகாது என்ற எண்ணத்தை உடைத்தது, 1956-இல் கிளெய்ரால் நிறுவனத்துக்காக ஷெர்லி பாலிகாஃப் எழுதிய விளம்பரம். இவள் பூசியிருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பவரைக் குழப்புவதே அதன் உத்தி. பூசு, ஆனால் பூசியது தெரியக்கூடாது என்ற அந்தக் கட்டளை இன்றும் மாறவில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் ‘டை அடிப்பது’ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வேலை. கறை பட்டாலும் கவலையில்லாத பழைய நைட்டி, பிளாஸ்டிக் கிண்ணம், தேய்ந்த டூத் பிரஷ், நெற்றியோரமும் காதுமடலும் கறுக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய். பின்னந்தலைக்கு மகளையோ தங்கையையோ கூப்பிட வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், மூன்றாவது வாரமே வகிட்டில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். குங்குமம் வைக்கும் இடமே முதலில் காட்டிக்கொடுத்துவிடும். பூசாமல் கல்யாண வீட்டுக்குப் போனால், “என்ன சித்தி, இப்படி விட்டுட்டீங்க? ஒரு பாக்கெட் வாங்கிப் பூசக்கூடாதா?” என்று அக்கறையாகக் கேட்பார்கள். அதே பெண் கணவரை இழந்தபின் பூசினால், “இனிமே யாருக்குக் காட்ட?” என்று அவள் முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். நரையைப் பற்றிப் பெண்கள் படும் சங்கடத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அதில் பங்கு குறைவு.

ஆணின் முதுமைக்கும் பெண்ணின் முதுமைக்கும் ஊர் வைக்கும் வேறுபாட்டைத் தமிழ்த் திரையில் தேதியோடு காணலாம். ரஜினிகாந்த் 1950-இல் பிறந்தவர். நடிகை சுஜாதா 1952-இல் பிறந்தவர். 1977-இல் ‘அவர்கள்’ படத்தில் இருவரும் கணவன் மனைவி. 2002-இல் ‘பாபா’ படத்தில் சுஜாதா அவருக்குத் தாய். இரண்டு வயது இளையவர் இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறை மூத்துவிட்டார். 2011-இல் ‘மங்காத்தா’வில் அஜித் நரைத்த தலையோடு வந்தபோது ரசிகர்கள் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று கொண்டாடினார்கள். அப்படிக் கொண்டாடப்பட்ட கதாநாயகியைத் தமிழ்ப்படங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இரட்டை அளவுகோலைப் பற்றியதே: ஆணழகுக்கு இளைஞன், முதிர்ந்தவன் என்று இரண்டு வடிவங்கள் ஏற்கப்படுகின்றன, பெண்ணழகுக்கோ இளம்பெண் என்ற ஒன்றே உண்டு என்றார் அவர்.

பழைய கதைகள் வேறு பக்கத்திலிருந்து பேசுகின்றன. வைசாலி நகரத்துக் கணிகையாக இருந்து புத்த பிக்குணியான அம்பபாலியின் பெயரில், பாலி மொழித் தொகுப்பான தேரிகாதையில் ஒரு பாடல் உண்டு. தலைமுடியில் தொடங்கி உறுப்பு உறுப்பாக அன்று இருந்ததையும் இன்று இருப்பதையும் அருகருகே வைக்கிறது அது. கூச்சமோ புலம்பலோ இல்லாத கணக்கெடுப்பு. தமிழ்க் கதைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பெண் கேட்டு வந்தவர்களிடமிருந்து தப்பிக்க ஒளவை பிள்ளையாரை வேண்டி மூதாட்டியானாள் என்பது வழங்கிவரும் கதை. காரைக்கால் அம்மையார் கணவன் விலகிய பின் அழகு சுமந்த உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இரண்டையும் பக்திக் கதைகளாக மட்டும் படிப்பது போதாது. தனியாக ஊர் ஊராக நடக்கவும், அரசனிடம் நேருக்கு நேர் பேசவும் ஒரு பெண்ணுக்கு நரை அனுமதிச் சீட்டாக இருந்திருக்கிறது. அழகை இழந்தால்தான் அந்தச் சுதந்திரம் என்பது கதையின் கசப்பான பகுதி.

2020-இல் கொரோனா ஊரடங்கில் அழகு நிலையங்கள் மூடப்பட்டபோது பல நாடுகளில் பெண்கள் சாயத்தைக் கைவிட்டார்கள். கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் முதன்மைச் செய்தி வாசிப்பாளராக இருந்த லிசா லாஃப்ளாம் அவர்களில் ஒருவர். 2022 ஆகஸ்டில், 58 வயதில், அவருடைய ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. நரைதான் காரணமா என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. நிறுவனமோ அதை வணிக முடிவு என்றது.

பூசுவதா விடுவதா என்பது அவரவர் விருப்பம். பூசுகிறவர்கள் அறிய வேண்டியது ஒன்று: பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் உள்ள பாரா-ஃபினைலின்டையமீன் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருகிறது, பல ஆண்டுகள் தொல்லையின்றிப் பூசியவர்களுக்கும் திடீரென வரலாம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படும் பொட்டலங்களிலும் இந்த வேதிப்பொருள் இருப்பதுண்டு. எனவே ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பாகக் காதின் பின்புறம் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் பூசாதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.