முதியோர் இல்லமும் கொள்ளைநோயும்

2020-ஆம் ஆண்டில் பரவிய கொரோனாக் கொள்ளைநோயின் கொடுமையை மிகுதியாகத் தாங்கியவை முதியோர் இல்லங்களே. கனடா நாட்டில் முதல் அலையில் மாண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் அங்கு வாழ்ந்தவர்கள். காரணம் முதுமை மட்டுமன்று. ஓர் அறையில் பலர் தங்கினர். குறைந்த ஊதியம் பெற்ற பணியாளர், பிழைப்புக்காகப் பல இல்லங்களில் மாறி மாறி உழைத்தனர். நோயும் அவர்களுடன் சென்றது. அவர்களும் நோயுற்று விலகவே, ஒண்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் இராணுவத்தினர் வந்து முதியோரைப் பேண நேர்ந்தது. நோய்க்கு அஞ்சி வாயில் அடைக்கப்பட்டமையால், உணவூட்டித் தேற்றிவந்த பிள்ளைகள் சாளரத்துக்கு வெளியே நின்றனர். பெற்றோரைத் தொலைவில் விட்டு வாழும் நாம் இவ்வரலாற்றால் அறிவது ஒன்றுண்டு: முதியோரைப் பேணும் கைகளைப் புறக்கணித்தால், முதியோரையே புறக்கணித்தவராவோம்.