சவர்த் தண்ணீர் குடித்த கார்கள்

குறிகட்டுவான் இறங்குதுறையோடு தார் வீதி முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கு வந்து, வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைந்த கார் எதுவானாலும் இங்கே நின்றாக வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இனிப் படகுதான். ஆனி மாதம் நாகபூசணி அம்மன் கொடியேறிவிட்டால் துறைமுகத்து வெளியில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். மூன்று பக்கமும் கடல். உப்புக்காற்று தகரத்தைத் தின்னும் என்பது தீவாருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மட்காட்டில் துரு பூத்தால் கண்ணுக்குத் தெரியும், தட்டிச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கலாம். தீவுக் கார்களைக் கண்ணில் படாமல் உள்ளிருந்து தின்றது வேறொன்று: கிணற்றுத் தண்ணீர்.

தீவுகளின் நிலம் சுண்ணாம்புக்கல். மாரியில் இறங்கும் மழைநீர், கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி அள்ளினால் அந்தப் படை கிழிந்து சவர் மேலேறிவிடும். வேலணையில் சாட்டிக் கிணறுகளுக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குக் காரணம் அங்கே நல்ல தண்ணீர் கிடைப்பதுதான். நெடுந்தீவில் நிலைமை இன்னும் மோசம். குடிக்கவும் உலை வைக்கவும் தூரத்திலிருந்து சுமந்து வந்த ஒரு குடம் நல்ல தண்ணீரைக் காரின் றேடியேற்றருக்குள் கவிழ்க்க எந்த வீட்டில் மனம் வரும்? முற்றத்துக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றினார்கள். கார் முறைப்பாடு செய்யவில்லை, உடனே செய்யவில்லை.

அந்த வாளித் தண்ணீர் உள்ளே போய் என்ன செய்தது? பழைய ஆங்கிலேயக் காரின் எஞ்சின் வார்ப்பிரும்பு, றேடியேற்றர் செம்பும் பித்தளையும். எஞ்சின் தலையின் முன்பக்கத்தில், சுடுதண்ணீர் மேல் ஹோசுக்குள் ஏறுகிற இடத்தில், தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் வளைந்த கூடு பல கார்களில் அலுமினியம். வேறு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு பற்றறிதான். மூன்றில் மெலிந்தது அலுமினியம், ஆகவே கரைவதும் அதுதான். காஸ்கட்டுக்குக் கீழே ஊசிமுனைக் குழிகள் விழும். விளிம்பில் முதலில் வெள்ளைப் பொடி, பிறகு ஒரு துளி, ஒரு நாள் பண்ணைப் பாலத்தின் நடுவில் பொனற்றுக்குள்ளிருந்து ஆவி.

இந்தக் கார்கள் ஏன் இத்தனை காலம் ஓடின என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947இல் வந்தது, மொறிஸ் மைனர் 1948இல், ஏ40 சோமர்செட் 1952இல். முதல் மைனர்களில் தெர்மோஸ்டாட்டைத் தேடினால் கிடைக்காது. சூடான தண்ணீர் தானாக மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமான பிறகுதான் மைனருக்கு ஒஸ்ரினின் 803 சீசீ எஞ்சின் கிடைத்தது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை, காரைநகர் வியாபாரிகளின் வீடுகளுக்கு இத்தகைய கார்கள் வந்து சேர்ந்தன. 1960களில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்து அரசு இறக்குமதியை இறுக்கியது. புதிய கார் கனவாகிவிட்டதால் உள்ளதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்து ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தபோதும் யாழ்ப்பாணம் தன் ஏ40களைக் கைவிடவில்லை. 1957இல் வாகன எண்தகட்டில் ஏறிய சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்த ஊர் இது. அதற்கு முந்திப் பதிவான சோமர்செட் ஒன்று தன் ஆங்கில எழுத்துத் தகட்டோடு அந்தச் சண்டையில் சேராமல் ஓடிக்கொண்டிருந்தது.

கூடு ஒழுகினால் கராச்சுக்குப் போவதை விட முற்றத்துப் பூவரச நிழலில் வேலையை முடிப்பதே வழக்கம். றேடியேற்றரின் அடியில் சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீர் சட்டிக்குள் இறங்கும். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றலாம். மிச்சம் மூன்று நட்டுகள். கேட்கச் சுலபம், மோசமே அங்கேதான். நட்டு கழன்றுவிடும், கூடு அசையாது. அலுமினியத் துளைக்குள் இரும்பு ஸ்டட் துருப்பிடித்து ஊதி, இரண்டும் ஒன்றாகியிருக்கும். அவசரக்காரர் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். கூடு இரண்டாகும், இல்லாவிட்டால் ஸ்டட் எஞ்சின் தலைக்குள் முறியும். அனுபவக்காரர் முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பார். காலையில் மரத்துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுவார், கொஞ்சம் சூடு காட்டுவார், மறுபடி தட்டுவார்.

கழன்ற கூட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாள் விரித்துத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். குழி ஆழமென்றால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். காஸ்கட்டை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. தடித்த அட்டையை எஞ்சின் வாயில் வைத்துச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பில் மெல்லத் தட்டினால் அச்சொட்டாக வெட்டுப்படும். இரண்டு பக்கமும் கிறீஸ் பூசி மூடினால் வேலை முடிந்தது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கும்: தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவதா? எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிப்பதும், ஏறக்குறைய 80 பாகை வந்ததும் வழிவிடுவதும் அதன் வேலை. வெயில் ஊரில் இது எதற்கு என்று கழற்றி எறியும் பழக்கம் இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலானது. தீவுப்பகுதியில் அதற்குக் காரணம் கூடுதல், ஏனென்றால் உப்புப் படிந்த வால்வு பாதியில் இறுகிக்கொள்ளும். சாதாரண நாளில் அதனால் பெரிய கேடு தெரியாது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது, பொருளாதாரத் தடை வந்தது. குடாநாட்டில் பெற்றோல் அருமருந்தாயிற்று. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உலகத்துக்கு இது புதிதல்ல: இங்கிலாந்தின் பெர்கசன் டிராக்டரிலேயே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் மாதிரி ஒன்று 1949இல் வந்திருந்தது. தொழிற்சாலை வடிவமைத்துச் செய்ததை யாழ்ப்பாணத்தார் ஒரு போத்தலையும் ஒரு ரியூபையும் வைத்துச் செய்தார்கள். ஏ40இன் அமுக்கம் குறைந்த எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது.

ஆனால் மண்ணெண்ணெய் ஆவியாக வேண்டுமென்றால் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் எரியாத எண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், புகைபோக்கி வெள்ளைப்புகை கக்கும். வேண்டாமென்று எறிந்த தெர்மோஸ்டாட் அப்போதுதான் தேவைப்பட்டது. அது இல்லாத கார் சூடேறக் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க எரிவது போத்தலில் உள்ள பெற்றோல்.

தீவுகளுக்கு வந்தது வேறு விதி. 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் இராணுவத்தின் கைக்குப் போக, சனங்கள் பெருமளவில் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஓகஸ்ற்றில் மூடி, போர் முடிந்த 2009இல் மறுபடி திறந்தது. பிறகு வந்த ஜப்பான் கார்கள் பலவற்றில் அந்தத் தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்ரிக். அதை உப்புத் தின்னாது, ஆனால் சூட்டில் வெடிக்கும், தேய்த்துச் சரிப்படுத்தவும் முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காருக்கு மறுபடி விலை ஏறியது.

தீவில் ஓடிய காரை வாங்கப் போகிறவர்கள் பெயின்ற்றின் பளபளப்பில் மயங்க வேண்டாம். பொனற்றைத் திறந்து மேல் ஹோஸ் தொடங்குமிடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். காஸ்கட் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்த கார், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.